கொல்லைக் குழிக்குத் தண்ணீர் விட்ட நாள்

போன வாரம், ஆபீஸின் இளம் இன்ஜினியர்களான உங்களில் ஒருத்தர் ஒரு பிளானைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். மாயவரத்தில் ஒரு வீடு. பின்பக்கம் கட்டடத்தை நீட்டி, அடியில் கார் நிறுத்தவும் சினிமா பார்க்கவும் ஒரு தளம். கம்ப்யூட்டரில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுவரின் கனம் சரி, கம்பி சரி, ஈரம் இறங்காமல் பூசுகிற மருந்துக்குக்கூட வாயில் நுழையாத பெயர். நான் இரண்டே கேள்வி கேட்டேன். பக்கத்து வீடு எதன்மேல் நிற்கிறது? இந்த அறை யாருக்கு? பிளானைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மாடிப்படி இறங்கும்போது, "சார் பழைய காலத்து ஆள்" என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. காது எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கிறது. அதையும் சொல்லி வைக்கிறேன்.

கோபமெல்லாம் இல்லை. ஆனால் அந்த இரண்டு கேள்வியும் எனக்கு எங்கே கிடைத்தன என்று சொல்லாமல் விட்டால், கிழவர் ஏதோ மிரட்டினார் என்றுதான் நினைத்துக்கொள்வீர்கள். இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் மனைவிக்குக் கம்பி, சிமென்ட் என்று ஆரம்பித்தாலே கொட்டாவி வரும். இப்போது அந்தக் கொட்டாவி விடவும் வீட்டில் ஆள் இல்லை. நீங்கள்தான் மாட்டினீர்கள், கேளுங்கள்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நம் பக்கத்து மேஸ்திரிகள் பேஸ்மட்டம் என்றால் தரைக்கு மேலே எழுப்புகிற மேடையைச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது தரைக்குக் கீழே இறங்குகிற அறையை. நிலவறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தாராசுரத்தில் குடியிருந்துகொண்டு, கும்பகோணத்தில் தனியாக ஒரு ஆபீஸ் போட்டிருந்த புதிது. கழக ஆட்சி நடந்துகொண்டிருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்து மிராசுதார்களின் நிலம் குறைந்துகொண்டிருந்தது. விவசாயக் கூலிகள் குடியிருந்த மனைகளை அவர்கள் பெயருக்கே பட்டா போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் காகிதத்தில் நடந்த மாதிரி இன்று படிக்கிறோம். ஊருக்குள் அது அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அறுவடைக்கு அறுவடை கூலித் தகராறு, கொடி, போலீஸ் வேன், கோர்ட்டு.

குடவாசலுக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரிலிருந்து ஒரு மிராசுதார் என்னைத் தேடி வந்தார். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். மனைவி இல்லை. பிள்ளைகள் ஒருவன் டெல்லியில், ஒருவன் பம்பாயில். வீட்டின் கொல்லைப்பக்கம் ஒரு அறை கூட்ட வேண்டும், அதற்குக் கீழே ஒரு நிலவறை வேண்டும் என்றார். எனக்கு முன்னால் மூன்று பேரிடம் போய்விட்டு வந்திருக்கிறார். அந்த ஊர் பெயரைக் கேட்டதுமே அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு வேலை வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டேன்.

ஊர் ஏன் அவரை ஒதுக்கியது என்று போன பிறகுதான் தெரிந்தது. இரண்டு அறுவடைக்கு முன்னால் கூலிப் பேச்சு தகையாமல் போய், அவர் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்திருக்கிறார். வயலில் கைகலப்பாகி, உள்ளூர் ஆள் ஒருவருக்குக் கை முறிந்தது. வழக்கு முடிந்தது, கூலியும் ஏறியது. ஆனால் அன்றிலிருந்து கொல்லைக்குப் பின்னாலிருந்த கூலிக்காரர்கள் தெருவிலிருந்து ஒரு ஆள் அவர் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. மாடு கறக்க ஆள் வரவில்லை என்று மாட்டை விற்றார். மிச்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். அவர் பக்கத்து மிராசுதார்களும் அவரால்தான் கூலி ஏறியது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு கொடிக் கம்பங்கள் இருந்த அந்த ஊரில் இரண்டுக்கும் வேண்டாத ஆள் அவர் ஒருவர்தான்.

ஆகவே மேஸ்திரி, கொத்தனார், சித்தாள், சமையலுக்கு ஒருவர் என்று எல்லோரையும் கும்பகோணத்திலிருந்தே அழைத்துப் போனேன். நானும் வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கினேன்.

நம் மண் உங்களுக்குத் தெரியும். மேலே களி, கீழே மணல். ஆறும் வாய்க்காலும் வறண்டிருக்கும் கோடையில் தோண்டினால் அடிவரை காய்ந்து கிடக்கும். பார்க்கிறவனுக்கு ராமநாதபுரத்தில் தோண்டுகிறோமோ என்று தோன்றும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கதை வேறு. மணல் வழியாக அடியிலிருந்து தண்ணீர் ஏறும். அதற்குள் தரை கான்கிரீட் போட்டு, சுவர் எழுப்பி, மேல் அறையின் பாரத்தையும் ஏற்றிவிட வேண்டும். மாசியில் தோண்டினால் வைகாசிக்குள் முடித்துவிடலாம். அவரிடம் இதை மூன்று முறை சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்.

ஆனால் தரை போடலாம் என்று நாங்கள் தயாராகும்போதெல்லாம் அவருக்கு ஒரு யோசனை வந்துவிடும். படிக்கட்டு கூடத்திலிருந்து இறங்கட்டும் என்பார். மாற்றி வரைவேன். இல்லை, கொல்லையிலிருந்தே இறங்கட்டும் என்பார். அறையை இன்னும் கொஞ்சம் வேலிப்பக்கம் நீட்டலாமே என்பார். பக்கத்தில் ஒரு சின்ன அறை இருந்தால் தேவலை என்பார். மேஸ்திரி என்னைத் தனியே கூப்பிட்டு, ஆளுக்கு மண்டையில் ஏதோ கழன்றிருக்கிறது என்றார். நான் வேறு விதமாக நினைத்தேன். அரசாங்கக் கொள்முதலுக்குத் தப்பி நெல்லை ஒளிக்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். உயிருக்குப் பயந்து, ஒளிய இடம் தேடுகிறாரோ என்றும் நினைத்தேன். அந்தக் காலத்தில் இரண்டும் நடக்கக்கூடியதுதான்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டில் நேராகவே கேட்டுவிட்டேன். அந்த வீட்டில் சாப்பாடு ஒரு திருவிழா. வேலையாட்கள் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்து, ரசம் போதுமா, அப்பளம் இன்னொன்று வைக்கச் சொல்லவா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கொத்தனார்களின் பிள்ளைகள் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். எல்லோரும் எழுந்து போன பிறகு கேட்டேன், இந்த அறையில் யார் இருக்கப்போகிறார்கள் என்று.

இலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "யாரும் இருக்கப்போறதில்ல சார். ஒங்களுக்குத் தெரியாததா. வேலை முடிஞ்சா நீங்கள்லாம் வண்டி ஏறிடுவீங்க. அப்பறம் இந்த வீட்ல நான் தொண்டையைச் செருமினா எனக்கே திக்குனு இருக்கும்."

எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. முப்பது வயதில் இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று தெரியாது. கண்டிப்பான குரலில், இனிமேல் ஒரு கோடுகூட மாற்ற மாட்டேன், அடுத்த வாரம் தரை போடுகிறோம் என்றேன். சரி சார் என்றார். சொன்னபடி அதற்கப்புறம் அவர் எதையும் மாற்றவில்லை. ஆனால் கடைசியாகக் கேட்ட அந்தச் சின்ன அறைக்குத் தோண்டி முடிக்கும்போது ஆனி பிறந்துவிட்டது. மேட்டூர் திறந்த செய்தி ரேடியோவில் வந்தது. பிறகு வாய்க்காலிலும் தண்ணீர் வந்தது. ஊரே சந்தோஷமாக நாற்றங்காலைப் பார்க்கப் போக, நான் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடியில் கசிந்தது. ஆயில் என்ஜின் வைத்து இறைத்தோம். மேஸ்திரி நம்பிக்கையாக இருந்தார். இரண்டு நாள் விடாமல் இறைத்தால் தரையைப் போட்டுவிடலாம், தரை இறுகிவிட்டால் அப்புறம் கவலை இல்லை என்றார். தப்பான பேச்சில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். குழியில் இறைக்கும்போது எல்லோரும் குழியைத்தான் பார்ப்பார்கள், எவ்வளவு வடிந்தது என்று. நீங்கள் வெளியே ஊற்றுகிற தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக வந்தால் வருவது தண்ணீர் மட்டும்தான். இறைக்கத் தொடங்கிய மறுநாள் காலையில் குழாய் ஊற்றுகிற இடத்துக்குப் போனேன். தண்ணீர் விழுந்த இடத்தில் நல்ல வெள்ளை மணல் விசிறி மாதிரி படிந்திருந்தது. கையால் அள்ளிப் பார்த்தேன். அவ்வளவு மணல் போயும் குழியின் ஆழம் கூடவில்லை. வேறு எங்கிருந்தோ, யாருடைய வீட்டுக்கு அடியிலிருந்தோ, அது வந்துகொண்டிருந்தது.

யார் வீடு என்று தேட வேண்டியிருக்கவில்லை. கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் வந்து நின்றார். பாக்கியம் என்று பெயர். அந்தத் தெருவில் முதல் வீடு அவருடையது. மண் சுவர், மேலே கீற்று. பட்டா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முன்பு இதே மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டிலில் வேலை பார்த்தவர். கை முறிந்தது அவர் புருஷனுக்குத்தான்.

மிராசுதார் என் பக்கத்திலேயே நின்றார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை.

"சார், எங்க செவுரு வாய் பொளந்துகிட்டு நிக்குது. இவங்க வீட்டு எஞ்சின் ஓட ஓட பொளக்குது. அவங்ககிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லுங்க."

அவரும் அந்த அம்மாளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "சார், ரெண்டு நாள் வேற எங்கயாச்சும் இருக்கச் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் புதுச் செவுரு நானே வச்சுத் தரேன்னு சொல்லுங்க."

பத்தடி தூரத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரன் வேலை பார்த்தேன்.

வேலியைத் தாண்டிப் போய் அந்த வீட்டைப் பார்த்தேன். கொல்லைப்பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. என் கை உள்ளே போனது. அந்தச் சுவரை ஒட்டினாற்போல் அவர் மகள் பிரசவமாகிப் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். அம்மா, மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியே போங்கள் என்றேன். பாக்கியம் அசையவில்லை.

"புள்ளையையும் தாயையும் எதுத்த வீட்ல விடறேன் சார். நான் வர மாட்டேன். ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போனவங்க மனையெல்லாம் என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியும். செவுரு விழுந்தா எம்மேல விழட்டும்."

பட்டா இருக்கிறதே, யாரும் பிடுங்க முடியாதே என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வருஷங்களில் அந்த ஊரில் இருந்து பார்த்தவர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குடியிருப்பவர் எழுந்து வெளியே போய்விட்டால் மனை காலி என்று எழுத ஆட்கள் தயாராக இருந்தார்கள். மிராசுதார் அப்படிச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த அம்மாள் அதை நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

திரும்பி வந்து வேலிக்கும் குழிக்கும் நடுவில் நின்றேன். இறைத்தால் தரை போட்டுவிடலாம், அதற்குள் அந்தச் சுவர் அந்த அம்மாளின் தலையில் இறங்கலாம். இறைப்பதை நிறுத்தினால் மட்டும் போதாது, அடியிலிருந்து தண்ணீர் மணலைத் தள்ளிக்கொண்டு ஏறத்தான் செய்யும். ஏறி நிரம்பும்வரை ஆபத்துதான். குழியைச் சட்டென்று மேலிருந்தே தண்ணீரால் நிரப்பிவிட்டால், உள்ளே இருக்கிற தண்ணீரின் பாரம் அடியிலிருந்து வருவதை அமுக்கிவிடும். மணல் நிற்கும், வீடும் நிற்கும். நிலவறை போய்விடும். மாசியிலிருந்து செய்த வேலை போய்விடும். வேலையாட்கள் போய்விடுவார்கள். அந்த மனிதர் பயந்த நாள் அன்றைக்கே வந்துவிடும்.

கேட்க ஒருவரும் இல்லை. போன் வேண்டுமென்றால் குடவாசல் போக வேண்டும். போய்த்தான் யாரிடம் கேட்பது? கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவர் ஒருவர், சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் தப்பானால் திருத்த முடியும் என்று பார் என்பார். அவர் குரலை நினைத்துக்கொண்டேன். குழியைத் திருத்தலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

என்ஜினை நிறுத்தினேன். வாய்க்கால் கொல்லைக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் ஓடியது. மேஸ்திரியிடம் கரையை வெட்டித் தண்ணீரைக் குழிக்குத் திருப்பச் சொன்னேன். அவர் மிராசுதாரைப் பார்த்தார். கூலி கொடுப்பவர் அவர்தானே. நானே மண்வெட்டியை எடுத்தேன். மிராசுதார் என் பின்னாலேயே வந்தார்.

"எங்க வீட்டுக் குழிக்கு என்னைக் கேக்காம தண்ணி விடுவீங்களா?"

"விடுவேங்க. நாளைக்கு நீங்க என்மேல கேஸ் போட்டுக்குங்க."

"ரெண்டு நாள் சார். ரெண்டே ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்க" என்றார். மிராசுதார் குரலில் இல்லை. பிள்ளையை ரயில் ஏற்றி விடுகிறவர் குரலில் கேட்டார். அதைக் காதில் வாங்காமல் வெட்டுவதுதான் அன்றைக்கு நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது. வெட்டினேன். என் கை இன்ஜினியர் கை, உடனே கொப்புளம் கண்டுவிட்டது. பார்க்கப் பொறுக்காமல் கொத்தனார் ஒருவர் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

செம்மண் கலங்கலாகத் தண்ணீர் குழிக்குள் விழுந்தது. நிரம்பியது. அந்தச் சுவர் விழவில்லை. வெடிப்பு விரிந்தால் கிழிகிற மாதிரி அதன் குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டிவைத்து விடிய விடியப் பார்த்தேன், அதுவும் கிழியவில்லை.

நன்றி என்று யாரும் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தத் தொழிலில் விழாத சுவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. தெருவில், தோண்டும்போது இந்த இன்ஜினியருக்குப் புத்தி எங்கே போனது என்று பேசினார்கள். மேஸ்திரி மறுநாளே ஆட்களோடு வண்டி ஏறினார். சமையல்காரரும் கூடவே ஏறினார். நான் மட்டும் அந்தச் சுவருக்கு, குழி வேலைக்கு வாங்கி மிச்சமிருந்த சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்துவிட்டு, அது சரியாக நிற்கிறதா என்று பார்க்கத் தங்கினேன். மிராசுதார் காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் காலடி ஒருவருக்குக் கேட்க நடந்துகொண்டிருந்தோம். அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

முட்டு எத்தனை நாள் தாங்கும்? சுவரை இடித்துப் புதிதாக வைக்க வேண்டும். மண்ணுக்கு எங்கே போவது? கோடை என்றால் குளத்தில் வெட்டியிருப்பார்கள். இப்போது குளம், குட்டை எல்லாம் தண்ணீர், வயலெல்லாம் சேறு. ஊரிலேயே காய்ந்த களிமண் ஒரே இடத்தில்தான் இருந்தது. நாங்கள் தோண்டிப்போட்டு, அவர் கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்த மண். பாக்கியம் வேலிக்கு வந்து அதைத்தான் கேட்டார், என்னிடம். நான் மிராசுதாரிடம் சொன்னேன். அவர் குவியலை ஒரு முறை பார்த்தார்.

"எடுத்துக்கச் சொல்லுங்க. அவங்க மட்டும் இல்ல, யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும்."

வேலியில் ஒரு திறப்பு வைத்தோம். முதலில் பாக்கியமும் அவர் புருஷனும் வந்தார்கள். பிறகு தெருவே வந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுத் தரையை உயர்த்த யாருக்குத்தான் மண் வேண்டாம்? கூடை கூடையாக அள்ளினார்கள். கொல்லை முழுக்கப் பேச்சு, சிரிப்பு, சண்டை. மிராசுதார் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கொல்லை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு பானையில் தண்ணீரும் சொம்பும் கொண்டுவந்து வைத்தார். அதை யாரும் தொடவில்லை. அவரோடு யாரும் பேசவும் இல்லை. ஆனாலும் காலையில் அவர்கள் வருவதற்கு முன்பே குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

குவியல் குறைந்துகொண்டே வந்தது. கடைசி நாள் சாயங்காலம் பெண்கள் அடிமண்ணைச் சுரண்டி எடுத்துப் போனார்கள். பாக்கியத்தின் சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. எனக்கும் வேலை முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு சொல்லிக்கொள்ளப் போனேன்.

அவர் மண் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரை வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. நிலவறையைப் பற்றிக் கேட்பார், தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் குழியில் மணல் போட்டு மூட வேண்டும் என்று சொல்லலாம் என்று நின்றேன். அவர் எழுந்து பக்கத்தில் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்லக் கேட்டார்.

"சார், அவங்களுக்கு மண்ணு பத்தலைன்னு நெனைக்கிறேன். எந்தச் செவுத்துக்கும் சேதம் வராத எடமாப் பாத்து, இன்னும் கொஞ்சம் தோண்டலாமா?"